சுண்ணாம்புக்கு ஒரு மேசை

நல்லவர்களைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் எழுதட்டும். எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒருவரைப் பற்றி நான் எழுதுகிறேன். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று என் வீட்டுக்காரர் கேட்டார். திட்டித் தீராத மனிதரை வேறு என்ன செய்வது என்றேன்.

அவர் கால்நடை ஆய்வாளர். அவருடைய சொந்தப் பெயரை எங்கள் தெருவில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. வந்த அன்றைக்கே சுண்ணாம்பு என்று நாங்களே ஒரு பெயரை வைத்துவிட்டோம். சுண்ணாம்புத்தூள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு வந்தார், குனிந்தார், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு போட்டார். நிமிர்ந்து, "இதைத் தாண்டி இனிமே எதுவும் போகாது, எதுவும் வராது" என்றார். ஒரு வணக்கம் கிடையாது, ஒரு முகமன் கிடையாது. நெட்டையான ஆள். நடந்தால் கழுத்து முதலில் வந்து சேரும், உடம்பு பிறகு வரும். மருந்துத் தண்ணீரில் ஊறி ஊறி இரண்டு கையும் தோலுரிந்து கிடக்கும். பன்றியிடம் பேசுகிற அதே குரலில்தான் மனிதர்களிடமும் பேசுவார். பன்றியிடமாவது கொஞ்சம் கனிவு இருக்கும்.

எங்கள் தெரு பன்றி வளர்க்கிற தெரு. ஆறு வீடு, ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் ஒரு கொட்டில். மூக்கைப் பொத்துகிறவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை, எங்களுக்கும் அவர்களால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. கடைசி வீட்டுக் கொட்டிலில்தான் முதலில் ஆரம்பித்தது. இரண்டு பன்றிகள் தீனியை மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டன. காது சிவந்தது, பிறகு கருநீலமானது, அப்புறம் அவை எழுந்திருக்கவே இல்லை. கால்நடை டாக்டர் வந்து ரத்தம் எடுத்து அனுப்பினார். பன்றிகளுக்கு மட்டுமே வருகிற கொள்ளைக் காய்ச்சல் என்று தெரிந்தது. மனிதருக்கு ஒன்றும் செய்யாது, பன்றிக்கோ மருந்தே கிடையாது என்றார். நோய் கண்ட கொட்டிலைச் சுற்றியிருக்கிற பன்றிகளை எல்லாம் கொன்று புதைத்து, தெருவை அடைத்துப் போடுவதுதான் வழி. அந்த வேலைக்கு வந்தவர்தான் சுண்ணாம்பு.

என் பன்றிகளுக்கு ஒரு நோயும் இல்லை. அன்று காலையில் தீனி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தன. நான் வாளியும் கையுமாக வழியை மறித்தேன்.

"நல்லா இருக்குறதை ஏன்யா கொல்றீங்க? கண்ணு தெரியலையா?"

"நாளைக்கு நல்லா இருக்காதும்மா."

"அப்ப நாளைக்கு வந்து கொல்லுங்க."

"நாளைக்குள்ள அது இன்னொரு தெருவுக்குக் குடுத்திருக்கும்."

அவ்வளவுதான் பேச்சு. என் வீட்டுக்காரர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிரசவத்தில் குட்டி சிக்கிக்கொண்டால் முழங்கை வரை கையை விட்டு எடுக்கிற மனிதர், அவரால் அதைப் பார்க்க முடியவில்லை. நான் பார்த்தேன். வாளியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றுகொண்டே பார்த்தேன். அன்றைக்கு நான் விட்ட சாபத்தில் பாதி பலித்திருந்தாலும் அந்த ஆளும் அதே குழியில் கிடந்திருப்பார்.

கொன்றதோடு விட்டாரா? கொட்டிலில் இருந்த மரச்சட்டம், வைக்கோல், பழைய சாக்கு எல்லாவற்றையும் எரித்தார். தரையைத் தேய்க்கச் சொன்னார். மருந்து அடித்து, காயவிட்டு, மறுபடியும் தேய்க்கச் சொன்னார். தெருவை விட்டு வெளியே போகிறவர்கள் கோட்டருகே வைத்திருந்த மருந்துத் தொட்டியில் காலை முக்கிவிட்டுத்தான் போக வேண்டும். சரி என்று முக்கினோம். அதிலும் குற்றம் கண்டுபிடித்தார்.

"செருப்புல சேறு இருக்கு. போய்த் தேய்ச்சுக் கழுவிட்டு வாங்க."

"அதான் மருந்துல முக்குறோமே?"

"சேத்தோட முக்குனா மருந்து சேத்தைத்தான் குளிப்பாட்டும். அடியில இருக்குற கிருமி சொகமா இருக்கும்."

தொட்டி பக்கத்தில் ஒரு பிரஷ்ஷைக் கயிறு போட்டுக் கட்டி வைத்தார். அதனால் தெருவில் பஸ்ஸைத் தவறவிடாதவர்கள் யாரும் இல்லை. என் தங்கை பக்கத்து ஊரில் பன்றிதான் வளர்க்கிறாள். அவள் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பன்றி இருக்கிற எந்த வீட்டுக்கும் நாங்கள் போகக் கூடாது, அவர்களும் எங்கள் தெருவுக்குள் வரக் கூடாது என்பது விதி. அவள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் இந்தப் பக்கத்திலிருந்து கையை நீட்டினேன். "எட்டி நில்லுங்க" என்றார் சுண்ணாம்பு. குழந்தை யார் ஜாடை என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

தெருவும் சும்மா இருக்கவில்லை. முனையில் டீக்கடை வைத்திருப்பவர் எங்களை நம்பித்தான் பிழைக்கிறார். அவர் சுண்ணாம்புக்கு டீ கிடையாது என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். எந்த வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் கிடைக்கவில்லை. அந்த ஆளுக்கு யாராவது சொம்பை நீட்டினால் என் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று நானே தெருவில் நின்று சத்தம் போட்டேன். என் பன்றிகளைக் கொன்றவருக்கு நான் ஏன் தண்ணீர் கொடுக்க வேண்டும்?

கொட்டில்கள் காய்ந்து வெறுமையாகக் கிடந்தன. இனிப் புதுப் பன்றி வாங்கலாமா என்று கேட்டால் அதற்கும் ஒரு விதி வைத்திருந்தார். முதலில் நான்கு குட்டிகளை மட்டும் விட்டுப் பார்க்க வேண்டுமாம். எங்காவது மூலையில் நோய் ஒளிந்திருந்தால் அவற்றுக்கு வந்துவிடும். ஆறு வாரம் அவை நன்றாக இருந்தால் அடைப்பு நீங்கும், தெரு மொத்தமும் பன்றி வாங்கலாம். காவல் குட்டிகள் என்று அவற்றுக்குப் பெயர். எந்தக் கொட்டிலில் விடுவது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் என் கொட்டிலில் நின்றுவிட்டார்.

"இதுதான் சரி."

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். "ஏன், சுத்தமா இருக்கா?"

"இல்ல. இதுதான் ரொம்ப ஈரம். கிருமி இருந்தா இங்கதான் இருக்கும்."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. குட்டிகளுக்கு அவர் கொண்டுவருகிற மூட்டைத் தீனியைத் தவிர வேறு எதுவும் போடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனார். வீட்டுச் சோறு, காய்த்தோல், மிச்சம் மீதி எதுவும் கூடாது.

"மிச்ச சாப்பாட்டுல எந்த இறைச்சி கலந்திருக்கும்னு யாருக்குத் தெரியும்? ஐஸ்ல வெச்ச இறைச்சியில இந்தக் கிருமி மாசக்கணக்குல உயிரோட இருக்கும்மா."

அந்த நான்கு குட்டிகளை நம்பித்தான் என் குடும்பம் இருந்தது. பன்றி இல்லாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார முடியாமல் என் வீட்டுக்காரர் லாரி ஓட்டப் போயிருந்தார். போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டார். லாரிக் கம்பெனியில் அவரை நிரந்தரமாகச் சேரச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் தெரிந்த பண்ணைக்காரர் ஒருவர் சினையாக இருக்கிற இரண்டு பன்றிகளை எங்களுக்கென்று நிறுத்தி வைத்திருந்தார். அடைப்பு முடிகிற தேதி வரைக்கும்தான் பொறுப்பேன் என்று அவரும் சொல்லிவிட்டார்.

"இந்த மாசம் தெரு தொறந்தா நம்ம கொட்டிலுக்கே வந்துடுறேன்" என்றார் வீட்டுக்காரர். "இல்லைன்னா கம்பெனிக்குச் சரின்னு சொல்லிடுவேன். எனக்கு வேற வழி தெரியல."

காலையில் எழுந்ததும் நான் முகம் கழுவுவதற்கு முன்னால் குட்டிகளைத்தான் எட்டிப் பார்ப்பேன். நான்கும் துள்ளிக்கொண்டிருக்கும். அதிலே ஒன்று சோணி, காது நுனி கிழிந்தது. மற்ற மூன்றும் தள்ளிவிட்டுத் தின்ன, இது கம்பிக் கதவுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு யாராவது வருகிறார்களா என்று பார்க்கும்.

கடைசி வாரம் வந்துவிட்டது. சுண்ணாம்பு மத்தியானச் சாப்பாட்டை டீக்கடைக்கு எதிரே ஒரு கல்மேல் உட்கார்ந்து முடித்துக்கொள்வார். டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுகிற தண்ணீரை அந்தக் கல்மேலேயே ஊற்ற ஆரம்பித்தார். அதனால் கொட்டிலுக்கு வெளியே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த இடம் நன்றாகத் தெரியும். அன்றைக்கு டிபன் பாக்ஸைக் காணோம். கடையில் வாங்கிய ரொட்டி ஒன்றைத் தாளிலிருந்து பிரித்தார். உள்ளே இறைச்சி வைத்த ரொட்டி. சோணி மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு ஒரு துண்டு பிய்த்துப் போட்டார். அது ஒரே வாயில் விழுங்கிவிட்டது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஊரையே கண்ணில் விரலை விட்டு ஆட்டிய மனிதர், அவரே வகையாக மாட்டிக்கொண்டார்! ஓடிப்போய்த் தெருவைக் கூட்டியிருப்பேன். ஆனால் அடைப்பு நீங்க இன்னும் சில நாள்தான் இருந்தது. முதலில் பன்றிகள் வந்து இறங்கட்டும், அப்புறம் தெரு நடுவில் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன் என்று வாயைக் கட்டிக்கொண்டேன். வேறு யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் சுண்ணாம்பு கால்நடை டாக்டரையும் அழைத்துக்கொண்டு வந்து கோட்டருகே நின்றார். எல்லாரையும் கூப்பிட்டார்.

"நேத்து நான் காவல் குட்டிக்கு என் சாப்பாட்டுல ஒரு துண்டு போட்டுட்டேன். கடை ரொட்டி. உள்ள இருந்த இறைச்சி எங்க வெட்டுனதுன்னு தெரியாது. அதனால ஆறு வாரம் இன்னையிலேர்ந்து மறுபடி ஆரம்பம்."

தெருவில் எழுந்த சத்தத்தில் என் குரல்தான் பெரிது.

"நான் பாத்தேன்யா! பாத்துட்டும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்ல? உங்களால கொஞ்ச நாளைக்கு மூடிக்கிட்டு இருக்க முடியாதா?"

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்!"

"அப்ப நீங்களும் டாக்டர்கிட்ட சொல்லணும். சாட்சி."

கையில் விளக்குமாறு இல்லாமல் போயிற்று. டீக்கடைக்காரர் கோட்டை மிதித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"அந்த ரொட்டியில நோய் இருந்துச்சுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. இல்லைன்னும் யாரும் சொல்லல" என்றார் சுண்ணாம்பு. "தெரு முழுக்கப் பன்னி வாங்கி விட்டப்புறம் தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க? முதல்லேர்ந்து மறுபடி குழி வெட்டணும். என்னால இன்னொரு தடவை முடியாது."

டாக்டர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மனிதர் சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அப்படித்தான் என் குடும்பத்தின் தலையில் கல் விழுந்தது. சினைப் பன்றிகளைப் பண்ணைக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். வீட்டுக்காரர் கம்பெனியில் கையெழுத்துப் போட்டார். போனில் அவர் குட்டிகள் எப்படி இருக்கின்றன என்று மட்டும் கேட்டார். அன்று மாலை சுண்ணாம்பின் சைக்கிள் டயர் இரண்டும் கிழிந்து கிடந்தன. யார் செய்தது என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். மேலிடத்திலும் அவரை விட்டுவைக்கவில்லை, விளக்கம் கேட்டு ஓலை அனுப்பினார்களாம். கேட்டதும் நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அவர் மறுநாளும் வந்தார், நடந்து வந்தார். மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு இடம் தேடிக்கொண்டு தெருவில் முன்னும் பின்னும் போனார். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஆள் மறுபடியும் குட்டிகள் பக்கத்தில் உட்கார்ந்தால் மறுபடியும் ஒரு துண்டு விழும், மறுபடியும் ஓடிவந்து சொல்லித் தொலைப்பார், மறுபடியும் ஆறு வாரம். வெளியே ஓடினேன்.

"உள்ள வந்து சாப்பிடுங்க. இனிமே கொட்டில் பக்கம் சோத்தைக் கொண்டு போனீங்க, கையை ஒடிச்சிடுவேன்."

"கொட்டில்லேர்ந்து நேரா வீட்டுக்குள்ள வரக் கூடாதும்மா. குளிச்சு மாத்திக்கிட்டுதான் வரணும்."

"நானே வாயைத் திறந்து கூப்பிடுறேன், நீங்க கூடாதுங்கிறீங்களா?"

"விதிம்மா."

வந்த ஆத்திரத்தில் வீட்டிலிருந்த மடக்கு மேசையை இழுத்துக்கொண்டு போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் சுவர் நிழலில் போட்டேன். அவருக்கு ஒரு நாற்காலி, காவல் இருக்க எனக்கு ஒன்று. போகும்போது செருப்பைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் போனேன், இல்லாவிட்டால் விடமாட்டாரே. டீக்கடைக்காரர் வாயைப் பிளந்து பார்த்தார்.

"முறைக்காதீங்க. ஒரு டீ போடுங்க. சாப்பாட்டுக்குக் காவல் உக்காந்திருக்கேன்" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் அதுதான் நடந்தது. அவர் சாப்பிடுவார், நான் எதிரில் உட்கார்ந்து திட்டுவேன். குனிந்து கீழே பார்ப்பேன், ஒரு பருக்கை விழுந்திருந்தாலும் பொறுக்கச் சொல்வேன். எழுந்தால் மடியை உதறச் சொல்வேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் உதறுவார். திட்டுகளுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக அவர் கதையும் வந்தது. அவருடைய அப்பா தள்ளுவண்டியில் துணி தேய்த்தவர், காலம் முழுக்க நின்றே பிழைத்தவர்.

"நாற்காலி இருக்குற வேலைக்குப் போடான்னு சொல்லுவார். பரீட்சை எழுதி இதுல சேந்தேன். சேந்த அன்னைக்கே வாளியும் பிரஷ்ஷும் குடுத்தாங்க."

மனைவி ஆஸ்பத்திரியில் இரவு வேலை. இவர் வீட்டுக்குப் போய், துணிகளைத் தனி டிரம்மில் போட்டு, பின்பக்கம் குளித்துவிட்டு உள்ளே நுழைவதற்குள் அந்த அம்மா கிளம்பிப் போயிருப்பாளாம். பையன் சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பானாம். மருந்து வாடை பிடிக்காமல் கொஞ்சம் நகர்ந்து உட்காருவானாம். இதைச் சொல்லும்போதும் அதே குரல்தான், பன்றிக்குக் காய்ச்சல் பார்த்துச் சொல்கிற குரல்.

"அந்தச் சோணிக்கு எதுக்கு ரொட்டி போட்டீங்க? ஊருக்கெல்லாம் சட்டம் பேசுற ஆளு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது பக்கத்துல வந்து நின்னுச்சும்மா. ரொம்ப நாளா நான் சாப்பிடும்போது யாரும் பக்கத்துல இல்ல."

அப்படி ஒரு பதிலைச் சொன்னதற்காகவும் அவர்மேல் கோபம் வந்தது. சோற்றை ஆறவிடாமல் தின்னுங்கள் என்று அதட்டினேன்.

இரண்டாம் முறையில் பாதிக்கு மேல் போன பிறகு ஒரு காலையில் சோணி எழுந்திருக்கவில்லை. தீனியையும் தொடவில்லை. சுண்ணாம்பு மண்டியிட்டுக் காதைத் திருப்பிப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், வயிற்றைத் தடவினார். கடைசியில் குளம்பிடுக்கில் குத்தியிருந்த ஒரு கம்பித் துணுக்கைப் பிடுங்கி எடுத்துக் காட்டினார். அப்போதும் நம்பாமல் ரத்தம் எடுத்து அனுப்பினார். நோய் இல்லை என்று பதில் வரும்வரை நான் சரியாகத் தூங்கவில்லை. அவரும் தூங்கியிருக்கமாட்டார், கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

ஆறு வாரம் முடிந்தது. ரொட்டியில் ஒன்றும் இருந்திருக்கவில்லை. நான்கு குட்டிகளும் கொழுத்து நின்றன. கோட்டை அவரே துடைப்பம் வைத்துப் பெருக்கினார், தொட்டியைக் கவிழ்த்தார், பிரஷ்ஷை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். காவல் குட்டிகளை நான் கால்நடைத் துறைக்கு எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் கொட்டிலில் இன்று இருப்பவை அவைதான். ஒன்றுமே இல்லாத ரொட்டித் துண்டுக்காக என் வீட்டுக்காரரை லாரிக்குக் கொடுத்துவிட்டு, அவர் மாதத்துக்கு ஒருமுறை வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை.

போன மாதம் வந்தபோது வீட்டுக்காரர் ஒரு சேதி சொன்னார். வேறொரு ஊரில் நோய் வந்திருக்கிறதாம். லாரி போகிற வழியில் ஒரு தெருமுனையில் வெள்ளைக் கோடு, அதன் பக்கத்தில் கவிழ்த்த வாளிமேல் சுண்ணாம்பு தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஊரிலும் காவல் குட்டிகள் வரும், அங்கேயும் ஏதாவது சோணி மூக்கை நீட்டும். அடுத்த நடைக்கு மடக்கு மேசையைத் தூக்கி லாரியில் ஏற்றினேன்.

"அவருக்காக இல்ல, அந்த ஊர்க்காரங்களுக்காகன்னு தெளிவா சொல்லுங்க" என்றேன்.

திரும்பி வந்தவரை வாசலிலேயே நிறுத்தினேன். நோய் இருக்கிற ஊரைத் தொட்டுவிட்டு வருகிறவர், பின்னால் என் கொட்டில் இருக்கிறது. செருப்பைத் தேய்த்துக் கழுவவைத்து, தலையோடு குளிக்கவைத்து, துணியைத் தனி வாளியில் போடவைத்து, அப்புறம்தான் உள்ளே விட்டேன். அவர் ஈரத் தலையோடு உட்கார்ந்து சிரித்தார்.

"அங்கயும் இதேதான். என்னைப் பேசவே விடல. செருப்பைத் தேய்க்கச் சொன்னார், லாரி சக்கரத்துக்கு மருந்து அடிச்சார், மேசையைக் குப்புறப் போட்டு நாலு காலுக்கும் அடிச்சு வெயில்ல காய வெச்சார். அப்புறம்தான் விரிச்சுப் போட்டுத் தொட்டுப் பார்த்தார்."

"நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னாரா?"

"இல்ல. மேசை வந்துருச்சு, எதிர்ல உக்காந்து திட்டுறவங்க எப்ப வருவாங்கன்னு கேட்டார்."

பன்றி வளர்க்கிறவள் அந்த ஊர்ப்பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. அவர் போட்ட விதிதான், அவருக்கே தெரியாதா? தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை வீட்டுக்காரர் பார்த்தும்விட்டார். அடுத்த நடைக்குப் போகும்போது சொல்லுங்கள் என்றேன்: "அங்க தெரு தொறக்கட்டும், வர்றேன். அதுவரைக்கும் கீழ சிந்தாம சாப்பிடச் சொல்லுங்க."